கொழுந்து சுருட்டும் புழுவும் ஜாவாக் குளவியும்

(மாத்தளையில் தோட்டத் தலைவர், தலைவிமாருக்காக நடைபெற்ற தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



காலையிலிருந்து சம்பளத்தைப் பற்றியும் காணி உறுதியைப் பற்றியும் பேசிக் களைத்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குத் தந்திருக்கும் தலைப்பு ஒரு பூச்சி. பின்வரிசையில் சில தம்பிமார் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம். ஆனால் நமது மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த முறைப்பாட்டை முதலில் கேளுங்கள். மலையில் கொழுந்து சுருண்டு கிடக்கிறது. பறிக்க இலை இல்லை. நிர்வாகமோ வழக்கமான கிலோவைத்தான் கேட்கிறது. குறைத்து எடுத்தவர்களுக்கு அரைப் பேர். அடுத்த வாரம் அந்த மலைக்கு மருந்து அடித்தார்கள். மருந்து அடித்த மூன்றாம் நாள் அதே மலைக்குப் பெண்களைக் கொழுந்துக்கு அனுப்பினார்கள்.

இத்தனைக்கும் காரணம் சுண்டுவிரல் நக அளவில் இருக்கும் ஒரு மண்ணிறப் பூச்சி. அதைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நிர்வாகம் நினைக்கிறது. "புழு விழுந்துவிட்டது, மருந்து அடிக்கத்தான் வேண்டும், உனக்கு என்ன தெரியும்" என்றால் நம்மிடம் பதில் இருக்க வேண்டுமல்லவா? அதற்குத்தான் இந்தப் பேச்சு.

அந்தப் பூச்சிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஹோமோனா கொஃபியாரியா. தோட்டத்துக் கந்தோரில் 'டோர்ட்ரிக்ஸ்' என்பார்கள். மலையில் நீங்கள் சுருட்டுப் புழு என்று சொல்வது இதனுடைய பிள்ளையை. பெயரைக் கவனியுங்கள். கொஃபியாரியா என்றால் கோப்பிக்கு உரியது என்று அர்த்தம். தேயிலை தின்கிற பூச்சிக்குக் கோப்பியின் பெயர் ஏன் வந்தது?

ஜோன் நீட்னர் என்று ஒரு ஜேர்மன்காரர். இலங்கையில் கோப்பித் தோட்டம் செய்தவர். 1861ல் கோப்பி மரத்தின் எதிரிகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இந்தப் பூச்சிக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். அப்போது இங்கே தேயிலைத் தோட்டம் என்று ஒன்று கிடையாது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டதே 1867ல்தான். நம் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து இதே மாத்தளைக்குக் கால்நடையாக வந்த காலம் அது. காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியில் பறிகொடுத்தது போக மிஞ்சியவர்கள் ஏறியது கோப்பி மலைகளுக்கு. 1869ல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாக ஒரு பூஞ்சண நோய் பிடித்தது. இருபது வருடத்துக்குள் கோப்பிக் காலம் முடிந்தது. துரைமார் பலர் பெட்டி கட்டினார்கள். நம் ஆட்களில் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள், மற்றவர்கள் கோப்பி வேரைப் பிடுங்கிய அதே குழியில் தேயிலை நட்டார்கள். அந்தப் பூச்சியும் போகவில்லை. கோப்பியை விட்டுத் தேயிலைக்கு மாறிக்கொண்டது. பழைய குடி என்று பார்த்தால் இந்த மலையில் அதுவும் நம்மைப் போலத்தான்.

இனி அது எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்போம். பூச்சி பகலில் இலைக்கடியில் அசையாமல் இருக்கும். இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் கோயில் மணியைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்து வைத்தது போன்ற உருவம். மங்கிய மண்ணிறம், குறுக்கே கருமையான பட்டை. பெண் பூச்சி பெரிது, ஆண் சிறிது. இரவில்தான் பறக்கும். இருட்டில் பெண் பூச்சி உடம்பிலிருந்து ஒரு மணத்தை விடும். நம் மூக்குக்கு அது தெரியாது. ஆண் பூச்சிக்குத் தெரியும், அது காற்றில் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வரும். லயத்து லைட்டைச் சுற்றுகிற பூச்சிகளில் இதுவும் சில நாட்களில் இருக்கும். (கை அகலத்துக்குச் செம்மண் நிறத்தில் ஒன்று வந்து சுவரில் ஒட்டும், பிள்ளைகள் பயப்படுவார்கள், அது வேறு. அட்லஸ் இனம். அதற்குச் சாப்பிட வாயே இல்லை. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். அதை அடிக்காதீர்கள்.)

டோர்ட்ரிக்ஸ் பெண் பூச்சி முற்றிய இலையின் மேல்பக்கத்தில் முட்டையிடும். ஒவ்வொன்றாக இடாது. மீன் செதில் அடுக்கியது போல, ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறினாற்போல, தட்டையாக ஒரு பற்று. நூறு முட்டைக்கு மேலும் ஒரே பற்றில் இருக்கும். இலையில் பசை உலர்ந்தது போல்தான் தெரியும். கொழுந்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு முற்றிய இலையில் இருப்பது சட்டென்று படாது.

ஒரு வாரம், பத்து நாளில் முட்டை வெடித்துப் புழு வெளியே வரும். வந்ததும் ஒவ்வொன்றும் வாயிலிருந்து ஒரு நூலை விட்டுத் தொங்கும். காற்று அடித்தால் நூலோடு பறந்து பக்கத்துச் செடிக்கு, அதற்கும் அடுத்த நிரைக்குப் போய்விடும். ஒரு செடியில் இட்ட முட்டை ஒரு மலை முழுக்கப் பரவுவது இப்படித்தான். போய்ச் சேர்ந்த புழு நேராகக் குருத்துக்கு ஏறும். மொட்டோடு சேர்ந்த இளம் இலையை நூலால் இழுத்துக் கட்டி உள்ளே இருந்துகொண்டு தின்னும். அதற்கு வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். நமக்கு வேண்டியதும் அதேதான். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தராசில் குறைகிற கிலோ கொழுந்து எடுப்பவரின் கை மெதுவாகப் போனதால் குறையவில்லை, கைக்கு முன்னால் புழு போனதால் குறைந்திருக்கிறது.

வளர வளர பெரிய இலையாகப் பார்த்து, இரண்டு இலையை முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும். பச்சை உடம்பு, கருமையான தலை. கூட்டைப் பிரித்தால் பின்பக்கமாக நெளிந்து, நூலில் இறங்கித் தப்பிக்கும். வேகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று நான்கு வாரம் தின்ற பிறகு கூட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும், பிறகு பூச்சியாக வெளிவரும். முட்டையிலிருந்து பூச்சி வரை ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம். குளிரான மேல்மலையில் நாள் கூடும்.

இதை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள்? வெள்ளைக்காரன் காலத்தில் முட்டைப் பற்று உள்ள இலையைக் கையால் கிள்ளிச் சேர்ப்பது ஒரு முக்கியமான வழி. யார் கை என்று சொல்ல வேண்டியதில்லை.

1925ல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருப்பதுதான் அது. அங்கே இருந்தவர்கள், இந்தப் புழுவை அழிக்க அதனுடைய இயற்கை எதிரியைத் தேடினார்கள். ஜாவாத் தீவில், இன்றைய இந்தோனேசியாவில், ஒரு சின்னக் குளவி இந்த இனத்துப் புழுக்களைப் பிடிப்பது தெரிந்தது. 1935, 1936ல் அந்தக் குளவியை அங்கிருந்து கொண்டுவந்து நமது தேயிலை மலைகளில் விட்டார்கள். பெயர் மக்ரோசென்ட்ரஸ் ஹொமொனே.

குளவி என்றதும் சில முகங்கள் மாறுவதைப் பார்க்கிறேன். மாறாமல் என்ன செய்யும்? குளவிக் கொட்டு வாங்காத தோட்டம் இல்லை. கொட்டிச் செத்தவர்களின் பெயரை இந்த மண்டபத்திலேயே பலர் சொல்வீர்கள். அந்தக் குளவி வேறு, இது வேறு. இது மெலிந்த உடம்பும் நீண்ட உணர்கொம்பும் உள்ளது, நுளம்பை விடக் கொஞ்சம் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடு கட்டிக் கூட்டமாக இருப்பதில்லை. மனிதரைத் துரத்துவதுமில்லை. அதன் கண்ணெல்லாம் சுருட்டுப் புழுவின் மேல்தான்.

அது செய்கிற வேலை சற்றுப் பயங்கரமானது. இளம் புழுவாகப் பார்த்து அதன் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உடனே சாகாது. வழக்கம் போல் இலை தின்னும், கூடு கட்டும், வளரும். உள்ளே குளவியின் குஞ்சுகள் அதன் உடம்பைத் தின்று வளர்கின்றன. ஒன்றல்ல, ஒரு புழுவுக்குள் பல. புழு முழு வளர்ச்சி அடையும் நேரத்தில் எல்லாம் வெளியே வந்து, அந்த இலைக் கூட்டுக்குள்ளேயே நீள நீளமான சின்னக் கூடுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிக் கட்டும். பக்கத்தில் வற்றிப்போன புழுத் தோல் கிடக்கும். ஒரு புழு பூச்சியாகி நூற்றுக்கணக்கில் முட்டையிட வேண்டிய இடத்தில், ஒரு கூட்டம் குளவிகள் அடுத்த புழுக்களைத் தேடிப் புறப்படும்.

இது பலித்தது. சில வருடங்களுக்குள் குளவி தேயிலை மலைகளில் பரவி நிலைத்தது. டோர்ட்ரிக்ஸ் முன்போலப் பெரிய பிரச்சினையாக இல்லாமல் போனது. உலகத்தில் ஒரு பூச்சியைக் கொண்டு இன்னொரு பூச்சியைக் கட்டுப்படுத்தியதற்கு நல்ல உதாரணம் கேட்டால் இலங்கைத் தேயிலையின் இந்தக் கதையையும் சொல்வார்கள். சம்பளம் கேட்காமல், பேர் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிற ஒரு தொழிலாளி. நிர்வாகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? அதையும் கொன்றார்கள்.

அது எப்படி என்றால், நம்மைப் போன்ற நடுத்தர உயரத் தோட்டங்களில் தேயிலை வாதில் ஊசி குத்தியது போல் துளை போடுகிற ஒரு சின்ன வண்டு உண்டு. வாதுக்குள் சுரங்கம் போட்டு, அதில் பூஞ்சணம் வளர்த்துத் தின்று வாழும். கொழுந்து எடுக்கும்போது வாது மளுக்கென்று முறிவது அதனால்தான். 1950களின் பின்பகுதியிலும் 1960களிலும் அந்த வண்டுக்காக டில்ட்ரின் என்ற நஞ்சை மலைகளுக்கு அடித்தார்கள். டில்ட்ரின் லேசில் அழியாத சாமான். அடித்த இடத்தில் நெடுங்காலம் நிற்கும். சுருட்டுப் புழு இலைக் கூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. இலைக்கு மேல் புழு தேடி நடந்த குளவி செத்தது. காவற்காரன் செத்தால் கள்ளனுக்குக் கொண்டாட்டம். அடங்கிக் கிடந்த டோர்ட்ரிக்ஸ் திரும்ப எழுந்தது.

டோர்ட்ரிக்ஸ் மட்டுமல்ல. குச்சியைப் போலவே விறைத்து நிற்கும் ஒரு புழு இருக்கிறதே, தொட்டால்தான் புழு என்று தெரியும், அதுவும் பெருகி மலை மலையாக இலையை மொட்டையடித்தது. அந்தப் பெருக்கத்தின் காரணத்தைத் தேடி ஆராய்ந்தவர்கள் தந்தநாராயண, கதிரவேற்பிள்ளை என்ற இருவர். 1969ல் அவர்களுடைய ஆய்வு வெளிநாட்டு விஞ்ஞானச் சஞ்சிகையில் வந்தது. இயற்கை எதிரிகளை டில்ட்ரின் அழித்ததையே அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒரு சிங்களவரும் ஒரு தமிழரும் ஒரே மலையில் புழு எண்ணியிருக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளைக்குத் துரையிடம் பேசும்போது "இது தொழிற்சங்கத்தின் கட்டுக்கதை" என்று அவர் சொல்ல முடியாது. தேயிலை விஞ்ஞானிகள் ஐம்பது வருடத்துக்கு முன்பே எழுதி வைத்தது.

அந்த டில்ட்ரின், 2001ல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் உலகமே விலக்க வேண்டிய முதல் 12 நஞ்சுகளில் ஒன்றாகப் போடப்பட்டது. மனித உடம்பின் கொழுப்பில் தங்கிவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். அந்த நாளில் அதை முதுகில் சுமந்து அடித்தவர்களுக்கு என்ன ஆனது என்று யாராவது பதிவு வைத்தார்களா? குளவி செத்ததற்குக் கணக்கு இருக்கிறது. அடித்தவருக்கு இல்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துகிற இடம் இதுதான்.

இங்கே ஒரு அக்கா கேட்கிறார்: "அப்படியென்றால் மருந்தே கூடாதா?" நல்ல கேள்வி. 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் மருந்தையும் கொண்டுவருவதை அரசாங்கம் ஒரே இரவில் நிறுத்தியதே, நவம்பரில் பின்வாங்கியதே, அந்த மாதங்களை நாம் மறக்கவில்லை. கீழ்நாட்டில் கலேவெலை, தம்புள்ளைப் பக்கம் நம் சொந்தக்காரர் சோளம் செய்கிறார்கள். 2018 கடைசியில் சேனா படைப்புழு வந்தபோது அவர்கள் பட்ட பாடும் தெரியும். அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான், அமெரிக்காக் கண்டத்திலிருந்து ஆபிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் பரவி இங்கே வந்து சேர்ந்தது. அதற்கு இங்கே போதிய காவற்காரன் இல்லை. ஆகவே ஒரே இரவில் எல்லாவற்றையும் நிறுத்து என்று நான் சொல்லவில்லை. எந்தப் புழு, எவ்வளவு, அதன் எதிரி மலையில் இருக்கிறதா என்று பார்க்காமல் அடிக்காதே என்று சொல்கிறேன். புழுவை மட்டும் கொன்று குளவியை விட்டுவைக்கிற பக்டீரியா மருந்தும் இருக்கிறது. பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயர். அதைப் பற்றி உங்கள் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

தேயிலை குடிக்கிற ஜப்பான்காரருக்கும் ஐரோப்பாக்காரருக்கும் தூளில் எவ்வளவு மருந்து மிஞ்சலாம் என்று அளவு இருக்கிறது. மீறினால் கப்பலிலேயே திருப்புவார்கள். அந்தப் பயத்தில்தான் தோட்டங்களில் இன்று மருந்துக்கும் கொழுந்துக்கும் இடையில் நாள் விடுகிறார்கள். அந்த நாட்களை நாம் நமக்காகவும் கேட்க வேண்டும். மருந்துப் போத்தலில் தமிழிலும் எழுதியிருக்கும். எத்தனை நாள் என்பதைப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது. பிரட்டுக்களத்தில் இந்த மலைக்கு இன்ன திகதி இன்ன மருந்து அடிக்கப்பட்டது என்று பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு துண்டு வெண்கட்டிதான் செலவு. மருந்து கலக்கும் இடம் பீலிக்கு மேலே இருக்கக் கூடாது. அடிப்பவருக்குக் கையுறை, முகமூடி, குளிக்கச் சவர்க்காரம், வேலை நேரத்துக்குள் குளிக்க நேரம். அந்த உடுப்பை வீட்டில் பெண்கள் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கிலோ விடயத்துக்கு வருகிறேன். புழு விழுந்த மலையில் வழக்கமான கிலோவைக் கேட்பது அநியாயம். அன்றைய மலையைக் கணக்கப்பிள்ளையும் தோட்டத் தலைவரும் தலைவியும் சேர்ந்து பார்த்து, கிலோவைக் குறைத்து, முழுப் பேர் போட வேண்டும். சில தோட்டங்களில் கொழுந்து எடுக்கும்போதே சுருண்ட இலையையும் கிள்ளித் தனிப் பையில் போடச் சொல்கிறார்கள். நல்ல முறை, மருந்தை விட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் அது ஒரு வேலை. கை இரண்டுதான். கொழுந்தும் எடுத்து, கூடும் கிள்ளி, கிலோவும் குறையக் கூடாது என்றால் எப்படி? கூடு கிள்ளுவதற்குத் தனி ஆள், தனிப் பேர் போடச் சொல்லுங்கள். ஒரு பீப்பாய் மருந்தின் விலையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள், துரைக்கும் கணக்குத் தெரியும்.

மயிர்க்கொட்டி பட்டு நாள் முழுக்கக் கை வீங்கியவரையும் இதோடு பேச வேண்டும். முள் உள்ள அந்தப் பச்சைப் புழுவும் அந்துப்பூச்சி வகைதான். பட்டவரை லயத்துக்கு அனுப்பி அரைப் பேர் போடுவது வழக்கமாகிவிட்டது. வேலை செய்த இடத்தில் வந்த காயம் அது, தோட்டத்து மருந்துச்சாலைப் புத்தகத்தில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுதாத காயத்துக்குப் பிறகு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். இளைஞர் அணித் தம்பி தங்கைமாருக்கு. உங்கள் மலையில் சுருண்ட இலைக் கூடுகளில் இருபதைக் காம்போடு கிள்ளி எடுங்கள். மேல்மலையில் பத்து, பணிய மலையில் பத்து. புழு உள்ளே இருக்க வேண்டும், பிரித்துப் பார்த்துக் கெடுக்காதீர்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். இரண்டு பெரிய போத்தலில் போட்டு வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். மூடி போட்டால் உள்ளே வியர்த்து எல்லாம் அழுகிவிடும். இரண்டு நாளைக்கொரு தடவை புது இலை போடுங்கள், மருந்து படாத செடியின் இலை. இரண்டு, மூன்று வாரத்தில் என்ன வெளிவருகிறது என்று எண்ணுங்கள். மண்ணிறப் பூச்சி எத்தனை, மெலிந்த குளவி வந்த கூடு எத்தனை. குளவி வந்தால் துணியை அவிழ்த்து மலையிலேயே விடுங்கள். பூச்சி வந்தால் விடாதீர்கள்.

எண்ணிக்கையைத் திகதி போட்டு, மலை இலக்கம் போட்டு எழுதுங்கள். இருபதில் பாதிக்குக் குளவி வந்திருந்தால், அடுத்த லேபர் டேயில் அந்தக் கொப்பியைத் துரையின் மேசையில் வைத்து, இந்த மலைக்கு மருந்து வேண்டாம் என்று கேட்கலாம். குளவியே இல்லையென்றால், சென்ற வருடம் அந்த மலைக்கு என்ன அடித்தீர்கள் என்று கேளுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது கொப்பியோடு போத்தலையும் கொண்டு வாருங்கள், பஸ்ஸில் உடையாமல்.